தேசிய நாளுக்கு ஒரு வாத்தியக் குழு

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 31ஆம் நாள் தேசிய நாளை நாடு முழுவதும் கொண்டாடுகிறோம். பட்டணத்துத் திடலில் அணிவகுப்பு நடைபெறுகிறது. வாத்தியக் குழு முழங்கிக்கொண்டு முன்னே வர, கொடி ஏந்தியோர் பின்னே நடக்கின்றனர். தோட்டத்திலிருந்து சென்ற நாம் திடலின் ஓரத்தில், மரநிழலில் நின்று கைதட்டுகிறோம். நண்பகலில் வீடு திரும்புகிறோம். இதில் குறை ஒன்றுமில்லை. எனினும் ஒரு வினா எழுகிறது. காலமெல்லாம் ஓரத்தில் நின்று பார்ப்பவர்களாகவே நாம் இருக்க வேண்டுமா? முழங்கிக்கொண்டு முன்னே நடப்பவர்களுள் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் ஏன் இருத்தல் கூடாது?

இருக்கலாம் என்பதே நமது கருத்து. அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. முன்கூட்டியே திட்டமிடும் அறிவும், மாலை வேளைகளில் தவறாது கூடும் பழக்கமும் வேண்டும். அவற்றை எவ்வாறு கைக்கொள்வது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

மலாக்காவுக்கு உள்ள உரிமை

இந்நாளைக் கொண்டாடுவதில் மலாக்கா மக்களுக்குத் தனி உரிமை உண்டு. 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள், இலண்டன் பேச்சு வார்த்தையை முடித்துத் திரும்பிய துங்கு அப்துல் ரஹ்மான், 1957 ஆகஸ்ட் 31இல் நாடு விடுதலை பெறும் என்று அறிவித்த இடம் மலாக்கா பண்டார் ஹிலிரில் உள்ள பாடாங் பஹ்லாவான் திடலாகும். அத்திடலுக்கு அருகே, 1912இல் கட்டப்பட்ட பழைய மலாக்கா கிளப் கட்டடத்தில், 1985ஆம் ஆண்டு முதல் சுதந்திரப் பிரகடன நினைவகம் இயங்கி வருகிறது.

மலாக்காவுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. ரப்பர் இந்நாட்டில் முதன்முதலாக வணிகப் பயிராக நடப்பட்டது இம்மாநிலத்தில்தான். 1896ஆம் ஆண்டு புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பவர் அதனைத் தொடங்கி வைத்தார். நாட்டை வளர்த்த அந்த மரத்தின் நிழலில் உழைத்தவர்களின் வழிவந்தோர், நாட்டின் பிறந்த நாளில் நாட்டின் பண்ணை முழங்குவது மிகவும் பொருத்தமன்றோ?

நமக்குப் புதியதன்று

"பேண்டு வாத்தியம் வெள்ளைக்காரருடையது, நமக்குத் தெரிந்தவை உறுமியும் தப்பும் நாதசுரமுமே" என்று சிலர் கூறக்கூடும். வரலாறு வேறு கூறுகிறது. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னரின் அரண்மனையில் மேனாட்டு வாத்தியக் குழு இருந்தது. அதே காலத்தில் வாழ்ந்த முத்துசுவாமி தீட்சிதர், மேனாட்டு மெட்டுகளுக்கு 'நோட்டுஸ்வரம்' என்னும் பாடல்களை இயற்றினார். இம்மெட்டுகள் நம் முன்னோரின் செவிக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பழகியவை. வாத்தியக் குழுவுக்கு மலாய் மொழியில் வழங்கும் 'பஞ்சராகம்' என்னும் சொல்லும் நம் காதுக்கு அயலானதன்று.

உழைப்பாளிகளுக்கும் இது புதியதன்று. இங்கிலாந்தில் பித்தளை வாத்தியக் குழுக்களை வளர்த்தவர்களுள் பெரும்பாலோர் நெசவாலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளருமே. யார்க்‌ஷயரில் பிளாக் டைக் ஆலையின் பெயரில் 1855இல் அமைந்த குழு இன்றளவும் வாசித்து வருகிறது. பகலில் தறியடியில் நின்றவர்கள் மாலையில் கொம்பை ஊதிப் பழகினார்கள். காலையில் பால்மரம் வெட்டும் கைகளுக்கும் அது இயலாததன்று.

கருவி ஒலிப்பது எவ்வாறு?

பித்தளைக் கருவியில் ஒலியைப் பிறப்பிப்பது பித்தளையன்று; நம் உதடுகளே. உதடுகளைச் சேர்த்து மூச்சை விடும்போது அவை அதிர்கின்றன. அவ்வதிர்வு வாய்முனை வழியே குழாய்க்குள் சென்று பெருகுகிறது. குழாய் நீண்டால் ஒலி தாழும்; குறுகினால் உயரும். சுருண்டிருக்கும் ட்ரம்பெட்டை நிமிர்த்தினால் ஏறத்தாழ நான்கரை அடி நீளம் இருக்கும். ட்ரோம்போனும் யூஃபோனியமும் ஒன்பதடி. பெரிய டியூபா பதினெட்டடி. நீளம் இரட்டிக்கும்தோறும் ஒலி ஒரு ஸ்தாயி கீழே இறங்குவதைக் காணலாம்.

ட்ரம்பெட்டில் மூன்று வால்வுகள் உள்ளன. நடு வால்வை அழுத்தினால் ஒலி அரைச் சுரம் தாழும். முதல் வால்வு ஒரு முழுச் சுரமும், மூன்றாவது ஒன்றரைச் சுரமும் தாழ்த்தும். இவற்றைத் தனித்தும் சேர்த்தும் அழுத்துவதால் ஏழு வெவ்வேறு நீளங்கள் கிடைக்கின்றன. ட்ரோம்போனின் நழுவுகுழாய்க்கும் ஏழு நிலைகளே. ஆகவே, விரல்கள் கற்க வேண்டியது சிறிது. உதடுகளும் மூச்சும் கற்க வேண்டியதே பெரிது. நாதசுரம் ஊதிப் பழகியவர் குழுவில் இருந்தால் மூச்சை அடக்கி ஆளும் முறையை அவரிடம் கேட்டறியலாம். தப்படிப்பவர் இருந்தால் தாளப் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கலாம்.

மார்ச்சு முதல் ஆகஸ்ட் வரை

ஒரு தோட்டத்தில் பன்னிரண்டு இளைஞர்கள் குழு அமைக்க முன்வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுள் நால்வர் பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் இருந்தவர்கள், எஞ்சியோர் புதியவர்கள். அவர்களுக்கு நாம் கூறும் திட்டம் இது.

மார்ச்சு மாதத்தில் ஒரு தலைவரையும், கணக்கு வைக்க ஒருவரையும், கருவிகளுக்குப் பொறுப்பாக ஒருவரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். படையிலோ போலீஸிலோ பள்ளியிலோ வாத்தியம் வாசித்து ஓய்வு பெற்ற ஒருவரை ஆசிரியராக நாடுங்கள். கருவிகள் குழுவின் பொதுச் சொத்தாக இருக்கட்டும். ஒவ்வொன்றையும் ஏட்டில் பதிவு செய்யுங்கள். பழைய கருவியானாலும் வால்வு ஒட்டாமல் ஓடினால் போதும்.

ஏப்ரல் மாதம் முழுவதும் பாட்டு வேண்டாம். ஒரே சுரத்தை நீட்டி நிறுத்தி ஊதும் பயிற்சியே நடக்கட்டும். அலுப்புத் தட்டும். ஆயினும், அடித்தளம் இன்றிச் சுவர் எழுமோ? மே மாதத்தில் நாட்டுப்பண்ணைத் தொடங்குங்கள். ஜூன் மாதத்தில் மாநிலப் பண்ணாகிய 'மலாக்கா மாஜு ஜெயா'வையும், எளிய நடைமெட்டு ஒன்றையும் சேருங்கள். ஜூலையில் நடந்துகொண்டே வாசிக்கப் பழகுங்கள்; தாளத்தின் முதலடியில் இடக்கால் தரையைத் தொட வேண்டும். புதியவர்கள் மிகுதியாக உள்ள குழு, முதலாண்டில் நின்ற இடத்திலேயே வாசித்தாலும் இழுக்கில்லை. ஆகஸ்டில் முழு ஒத்திகை. கடைசி இரண்டு நாள்களில் உதடுகளுக்கு ஓய்வு கொடுங்கள்.

வாரத்தில் மூன்று மாலைகள், ஒவ்வொரு மாலையும் ஒரு மணி நேரம் போதும். விடியுமுன் பெரட்டுக்கு எழ வேண்டியவர்கள் இரவு வெகுநேரம் ஊதுதல் கூடாது. அது அண்டை வீட்டாருக்கும் தொல்லை. இருபது நிமிடம் ஊதினால் ஐந்து நிமிடம் ஓய்வு வேண்டும். வாய்முனையை உதட்டில் அழுத்தி ஊதுபவர் விரைவில் சோர்ந்து விடுவார்.

நாட்டுப்பண்ணில் பிழை நேரலாகாது

மூன்றே பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கூறுகிறோம். பத்துப் பாடல்களை அரைகுறையாக வாசிப்பதினும் மூன்றைச் செம்மையாக வாசிப்பதே மேல். அம்மூன்றில் முதலிடம் 'நெகாராக்கூ'வுக்கு உரியது.

நாட்டுப்பண்ணுக்காக நடத்திய போட்டிக்கு 514 படைப்புகள் வந்தும் எதுவும் ஏற்புடையதாக அமையவில்லை. இறுதியில் பேராக் மாநிலப் பண்ணின் மெட்டே 1957 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் தெரிவு செய்யப்பட்டது. விடுதலை நாளுக்கு அப்போது எஞ்சியிருந்தது ஒரு மாதத்திற்கும் குறைவு. நமக்கோ ஆறு மாதங்கள் இருக்கின்றன. பிழைக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1992ஆம் ஆண்டில் இப்பண் விரைந்த நடைக்கு மாற்றப்பட்டது. 2003ஆம் ஆண்டில் மீண்டும் பழைய நிதான நடைக்குக் கொண்டுவரப்பட்டது. எனவே, அந்த இடைக்காலத்து ஒலிப்பதிவைக் கேட்டுப் பழகினால் நடை தவறிவிடும். இன்று வழங்கும் இசைக்குறிப்பையே பெற்று, அதில் உள்ளவாறே வாசியுங்கள். சங்கதியும் அலங்காரமும் சேர்க்க வேண்டா. 1968ஆம் ஆண்டு நாட்டுப்பண் சட்டத்தின்படி, பண் ஒலிக்கும்போது அங்குள்ளோர் அனைவரும் நேராக நின்று மரியாதை செலுத்த வேண்டும். பொதுவிடத்தில் தெரிந்தே அவமதிப்பவருக்கு நூறு ரிங்கிட் வரை அபராதமோ, ஒரு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். திடலில் உள்ளோர் அனைவரையும் எழுந்து நிற்கச் செய்யும் பொறுப்பு பன்னிரண்டு இளைஞர்களின் மூச்சில் இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

கருவியைக் காப்பது

பால் கொட்டகையில் கருவிகளை வைத்தல் கூடாது. பால் உறையாதிருக்கச் சேர்க்கும் அமோனியாவின் ஆவி பித்தளையை அரிக்கும். உறைய வைக்கும் அமிலமும் அத்தகையதே. பால் படிந்த விரலால் வால்வைத் தொட்டால் அது ஒட்டிக்கொள்ளும். ஆகவே, கைகளை நன்கு கழுவிய பின்னரே கருவியைத் தொட வேண்டும். வெற்றிலை போட்டவர் வாயைக் கொப்பளித்த பின்னரே ஊத வேண்டும். வால்வுக்கென விற்கும் எண்ணெயையே இடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும். குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவது போல் ட்ரம்பெட்டைத் துலக்கினால் மேற்பூச்சு கெடும். வாசித்து முடித்ததும் குழாயில் தேங்கிய நீரை வெளியேற்றி, மெல்லிய துணியால் துடைத்து வையுங்கள். ஒருவரின் வாய்முனையை மற்றவர் பயன்படுத்தல் ஆகாது.

விழா நாளில்

பங்கு பெறும் விருப்பத்தை மாவட்ட அலுவலகத்துக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் சில மாதங்களுக்கு முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். அணிவகுப்பில் இடம் கிடைக்கவில்லையாயின் மனந்தளர வேண்டாம். தோட்டத்துத் திடலிலோ தமிழ்ப்பள்ளியிலோ கொடியேற்றும்போது வாசியுங்கள். அதுவும் நாட்டின் மண்ணே. 2010ஆம் ஆண்டு முதல் செப்டம்பர் 16ஆம் நாள் மலேசிய தினமும் நாடு முழுவதும் பொது விடுமுறையாக உள்ளது. அந்நாளிலும் வாய்ப்பு உண்டு.

வெயிலில் கருவி சூடேறினால் ஒலி சற்று உயரும். ஆதலால் தொடங்குமுன் திடலிலேயே மீண்டும் சுருதி சேர்க்க வேண்டும். மழைக்கு உறையும், குடிக்கத் தண்ணீரும், திரும்பி வர வண்டியும் முன்னரே ஏற்பாடாகியிருக்கட்டும். யாரேனும் பிழை செய்தால் மற்றவர் திரும்பிப் பார்க்கலாகாது; தாளத்தைப் பற்றிக்கொண்டு தொடர வேண்டும்.

விழாவுக்குப் பின்

பால்மரம் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்கு நகரம் செல்கின்றனர். குடும்பங்கள் தாமான்களில் குடியேறுகின்றன. லயத்தைப் பெயர்த்துக்கொண்டு போக இயலாது. ஆனால் ஒரு குழுவைக் கொண்டு போகலாம். வாரம் மும்முறை ஒருவரை ஒருவர் எதிர்பார்த்துக் கூடும் பழக்கம் பதிந்துவிட்டால், அலோர் காஜாவில் ஒருவரும் ஜாசினில் ஒருவருமாகப் பிரிந்தாலும் அவர்கள் மீண்டும் கூடுவர். பக்கத்துக் கம்பத்து மலாய் இளைஞரையும் புதுக் கிராமத்துச் சீன இளைஞரையும் அழைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1970ஆம் ஆண்டு தேசிய நாளில் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாரா நாடும் ஒற்றுமையை, ஒரே தாளத்தில் நடப்பதினும் தெளிவாகக் காட்டும் வழி வேறு உண்டோ?

தேசிய நாள் ஆண்டுக்கு ஒரு நாளே. ஆயினும், அதற்காகக் கூடிய மாலைகள் பல. அடுத்த ஆண்டுக்கான முதல் மாலை எது என்பதை இவ்வாண்டே குறித்து வையுங்கள்.

கலந்து பேசுவதற்கு:

1. நம் தோட்டத்திலோ அண்டைத் தாமானிலோ வாத்தியம் வாசித்த அனுபவம் உடையவர் யாவர்?
2. வாரத்தில் எந்த மூன்று மாலைகள் நம் வேலைக்கு இடையூறு இல்லாதவை?
3. கருவிகளைப் பால் கொட்டகைக்கு அப்பால் எங்கே பாதுகாத்து வைக்கலாம்?
4. நாட்டுப்பண் ஒலிக்கும்போது எவ்வாறு நிற்க வேண்டும் என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துக் கூறியிருக்கிறோமா?