பருத்தியில் கில்ட் தைக்கலாமா?

கேள்வி: பாசல் டாட்டூ இராணுவ இசை நிகழ்ச்சியைப் பார்த்து வந்ததிலிருந்து, ஸ்கொட்லாந்துக்காரர் உடுத்தும் கில்ட் வேண்டும் என்று என் மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். கம்பளியில் வாங்கினால் பல நூறு பிராங் ஆகிறது. ஜூலை வெயிலுக்கும் அது ஆகாது. வீட்டில் பழைய பெர்னினா மெஷின் இருக்கிறது. ஊரிலிருந்து வந்த கட்டம் போட்ட சாரத்துணியும் இருக்கிறது. பருத்தியில் நானே தைக்கலாமா? பருத்தியில் மடிப்பு நிற்காது, அது கில்ட்டே இல்லை என்கிறார்களே?
– வாசகி, வின்டர்தூர், சுவிஸ்

பதில்: தாராளமாகத் தைக்கலாம். ஆனால் அந்தச் சாரத்துணியில் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். பருத்தியில் மடிப்பு நிற்காது என்று உங்களிடம் சொன்னவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். கம்பளி இழை இயல்பிலேயே சுருள் உள்ளது. மடக்கினாலும் நசுக்கினாலும் தன் பழைய வடிவத்துக்கு மீளப் பார்க்கும். அதனால் ஒருமுறை ஈரத்துணி வைத்து அழுத்திய மடிப்பு, உட்கார்ந்து எழுந்த பிறகும் தானாக விழுந்து நேராகும். பருத்திக்கு அந்த மீள்தன்மை குறைவு. சூடான இஸ்திரிக்குக் கத்திபோலக் கூர்மையான மடிப்பைத் தரும். வியர்வையோ தண்ணீரோ பட்டால் அதை விட்டுவிடும். ஆகவே கம்பளி தானாகச் செய்யும் வேலையைப் பருத்தியில் ஊசியும் நூலும் செய்ய வேண்டும். ஒவ்வொரு மடிப்பின் விளிம்பிலிருந்தும் 2 மில்லிமீற்றர் உள்ளே, இடுப்பிலிருந்து கீழ்க்கரை வரை ஒரு நேர்த்தையல் அடித்துவிட்டால் எத்தனை முறை துவைத்தாலும் மடிப்பு மறையாது. அப்படித் தைத்தால் கில்ட் ஆடாதே என்று கேட்பார்கள். இந்தத் தையல் மடிப்பின் விளிம்பை மட்டும்தான் பிடிக்கிறது, ஒரு மடிப்பை இன்னொன்றோடு சேர்த்துக் கட்டவில்லை. நடக்கும்போது மடிப்புகள் விரிந்து மூட எந்தத் தடையும் இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து யூட்டிலிகில்ட்ஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தடித்த பருத்தியில் வேலைக்கு அணியும் கில்ட்டுகளைத் தைத்து விற்கத் தொடங்கியது. பருத்தி தாங்குமா என்பதற்கு அதுவே போதுமான சாட்சி.

மடிப்பு விளிம்பை விட முக்கியமான இடம் ஒன்று இருக்கிறது. புடவைக் கொசுவம் இடுப்பில் செருகியதும் அதன் போக்கில் விழும். கில்ட் அப்படியல்ல. முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இரண்டு தட்டையான துண்டுகள், மடிப்பெல்லாம் பின்பக்கம். அந்த மடிப்புகள் இடுப்பிலிருந்து பிட்டத்தின் அகன்ற பகுதி வரை ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும்; அதற்குக் கீழேதான் விடுதலை. கில்ட்டைக் கில்ட் ஆக்குவது இந்தத் தையல்தான். உங்கள் மகனுக்கு இடுப்பு 84 செ.மீ., பிட்டச் சுற்று 100 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இதில் பாதி பின்பக்க மடிப்புகளுக்கு. பிட்டத்தில் 50 செ.மீ. வர வேண்டும், ஒரு மடிப்பு வெளியே 2.5 செ.மீ. தெரிந்தால் 20 மடிப்புகள். அதே 20 மடிப்புகள் இடுப்பில் 42 செ.மீ.க்குள் அடங்க வேண்டும், அதாவது மடிப்புக்கு 2.1 செ.மீ. மேலிருந்து கீழே வரும்போது ஒவ்வொரு மடிப்பும் 4 மில்லிமீற்றர் அகலும். இந்த 4 மில்லிமீற்றரைக் கண்ணளவில் விட்டால் கில்ட் இடுப்பில் தொளதொளக்கும், அல்லது பிட்டத்தில் மடிப்புகள் வாய் பிளக்கும். துணியின் உட்புறத்தில் சோக்கால் இரண்டு அளவையும் குறித்து, கையால் பெரிய பெரிய ஓட்டுத்தையல் போட்டு, மகனுக்கு உடுத்திப் பார்த்த பிறகே மெஷினில் வையுங்கள். ஒரு மடிப்பின் ஆழம் 5 செ.மீ. என்றால் ஒரு மடிப்பு விழுங்கும் துணி 12.5 செ.மீ.; இருபதுக்கு 2.5 மீற்றர். முன் துண்டுகள் இரண்டுக்கும் ஓர மடிப்புகளுக்கும் ஏறக்குறைய 1.4 மீற்றர். மொத்தம் 4 மீற்றருக்குச் சற்றுக் குறைவு.

இப்போது துணிக்கு வருவோம். டார்ட்டன் எனப்படும் கில்ட்டுக்கான கட்டம் போட்ட கம்பளித் துணி, நடுத்தர ரகத்தில், சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 270 கிராம் எடை இருக்கும். சாரத்துணி அந்த எடைக்குக் கிட்டவும் வராது. மடிப்பு எடையில்லாமல் காற்றில் பறக்கும், உட்கார்ந்தால் கசங்கும். சாரத்தைச் சாரமாகவே உடுத்தட்டும். கில்ட்டுக்கு நான் பரிந்துரைப்பது கட்டம் போட்ட கைத்தறிப் படுக்கை விரிப்பு. சென்னிமலை, கரூர் விரிப்புகள் இங்கேயுள்ள நம் வீட்டு அலுமாரிகளிலும் கிடக்கும். இல்லையென்றால் புரோக்கன்ஹவுஸ் என்ற பழம்பொருள் கடைகளில் தடித்த பருத்தி விரிப்பு தேடலாம். பவானி ஜமக்காளம் மட்டும் வேண்டாம், அது மடிப்புக்கு வளையாது. 60க்கு 90 அங்குல விரிப்பு ஒன்று போதும். அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் 76 செ.மீ. அகலத்தில் இரண்டு துண்டுகள், சேர்த்தால் நாலரை மீற்றர். இணைப்பு ஒரு மடிப்புக்குள் மறைந்துவிடும். இரண்டு துண்டுக்கும் ஒரு பக்கம் நெசவுக் கரை இருக்கும். அந்தக் கரையைக் கீழே வரவிடுங்கள். அசல் கில்ட்டிலும் கீழே மடித்துத் தைப்பதில்லை, நெசவுக் கரைதான் அடி ஓரம். பருத்தியில் இது இன்னும் தேவை. ஓரத்தை மடித்து அடித்தால் ஐந்தடுக்கு மடிப்பு அடியில் பதினைந்து அடுக்காகிப் புடைக்கும். ஒரு துண்டைத் தலைகீழாகத் திருப்ப வேண்டியிருப்பதால் கட்டம் இருபுறமும் ஒரேபோல் இருக்கும் விரிப்பாகப் பாருங்கள். கட்டம் 12.5 செ.மீ.க்கு ஒருமுறை திரும்ப வந்தால் அதிர்ஷ்டம்: ஒவ்வொரு மடிப்பிலும் அதே கோடு வந்து நிற்கும். வெட்டுவதற்கு முன் 40 பாகையில் துவைத்துக் காயவிடுங்கள். ஐந்து சதவீதம் சுருங்கினாலே நாலு மீற்றரில் 20 செ.மீ. போய்விடும். நனைந்த வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்றும் பாருங்கள். மெஷினுக்கு ஊசி 100 நம்பர்.

கம்பளி இல்லாவிட்டால் அது கில்ட்டே இல்லை என்ற வாதம் மீதி. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஓர் இனத்தின் உடை அது, 1746இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள், 1782 வரை தடை நீடித்தது. அப்படி இழந்து மீட்ட உடைமேல் ஸ்கொட்லாந்துக்காரருக்குள்ள பற்று நமக்குப் புரியாததா? ஆனால் அந்த உடையே மாறாமல் இருந்ததில்லை. ஆதியில் அது மடிப்புத் தையல் இல்லாத நீண்ட துணி. உடலில் சுற்றி இடுப்பில் வாரால் கட்டினார்கள், நம் வேட்டிக்கு உறவுமுறை சொல்லலாம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீழ்ப்பாதி தனியானது. அந்த நூற்றாண்டின் கடைசியில்தான் மடிப்புகளைத் தைத்தார்கள். அந்தப் பழைய தைத்த கில்ட்டுகளுக்கு ஏறக்குறைய 4 யார் துணிதான் போனது. இன்று அசல் என்று சொல்லப்படும் 8 யார் கில்ட் அதற்குப் பிந்தியது. சுவிஸையே பாருங்கள். பருத்தி விளையாத இந்த நாட்டில் 19ஆம் நூற்றாண்டில் தொக்கன்பூர்க் நெசவாலைகள் வண்ண நூலில் சாரங்கள் நெய்து தென்கிழக்காசியாவுக்கு அனுப்பின. கிளாருஸ் அச்சகங்கள் யாவாவின் பத்திக் துணிகளைப் பார்த்து அச்சடித்து அங்கேயே விற்றன. நம் மாங்காய் வடிவம் போட்ட கிளாருஸ் கைக்குட்டையை இன்று சுவிஸ்காரர் தங்கள் பாரம்பரியம் என்றே சொல்கிறார்கள், அதில் பிழையில்லை. துணியும் வடிவமும் கைமாறித்தான் வந்திருக்கின்றன. யாரிடமிருந்து எடுத்தோம் என்பதை மறைக்காமல், வேலையைச் சரியாகச் செய்தால் போதும். ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். மகன் பின்னாளில் பைப் இசைக்குழு ஒன்றில் சேர்ந்தால் அவர்களுடைய சீருடைக் கம்பளிக் கில்ட்டைத்தான் அணிய வேண்டும். இது அதற்கு மாற்று அல்ல.

விரிப்பில் கத்தரி வைப்பதற்கு முன் ஒரு பழைய துணியில் ஐந்து மடிப்பு மட்டும் தைத்துப் பாருங்கள். அதற்கு 62.5 செ.மீ. துணி போதும். முடிந்ததும் அளவு நாடாவை வையுங்கள்: மேலே 10.5 செ.மீ., கீழே 12.5 செ.மீ. வந்திருந்தால் துணிந்து விரிப்பை வெட்டலாம்.