இடைக்கால உலகக் கல்வியும் சைவ நூலாராய்ச்சியும்

மேனாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 'இடைக்கால ஆராய்ச்சி' என்னும் பெயரால் ஒரு முதற்பட்டப் படிப்பு நடைபெறுகின்றது. அதனை மேற்கொள்ளும் மாணாக்கர் வரலாறு ஒன்றனையே பயில்வாரல்லர். இலக்கியம் ஒன்றனையே பயில்வாரும் அல்லர். கி.பி. 5-ஆம் நூற்றாண்டு முதல் 15-ஆம் நூற்றாண்டு ஈறாக ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுகால ஐரோப்பாவை, அக்காலத்து மொழி, சமயம், தத்துவம், சட்டம், சிற்பம், இசை, ஏட்டெழுத்து ஆகிய பல துறைகளின் வாயிலாக ஒருங்கே நோக்கப் பயில்கின்றனர். மெய்கண்ட நூல்களைக் குருமுகமாகக் கேட்டுத் தெளியும் நமக்கு இப்படிப்பினாலாம் பயன் யாது என்னும் வினா அன்பர் சிலர்பால் எழுதல் கூடும். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஆகலின் அப்படிப்பின் வரலாற்றையும் இயல்பையும் முதற்கண் ஒருவாறு ஆராய்ந்து, பின்னர் நம் நூல்கட்கு அஃது எங்ஙனம் உதவும் என்பதனைக் காண்பாம்.

'இடைக்காலம்' என்னும் பெயர் ஓர் இழிவுரையாகவே தோன்றியது. 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலி நாட்டிலே கிரேக்க உரோமப் பழநூல்களை மீண்டும் விரும்பிக் கற்கத் தலைப்பட்ட புலவர்கள், அப்பழமைக்கும் தம் காலத்திற்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளை இருள் சூழ்ந்தன என எண்ணினர். அங்ஙனம் இருண்டதாகச் சொல்லப்பட்ட காலத்திற்றான் போலோஞா, பாரிசு, ஆக்சுபோர்டு என்னும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. தாமசு அக்குவினாசு என்னும் பெருந்துறவி தம் சமய தத்துவத்தை அளவை நூன்முறையான் நிறுவினர். நம் நாட்டிற்கு அப்பெயர் பின்னும் பொருந்துமாறில்லை. சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணம் அருளியதும், மெய்கண்ட சாத்திரங்கள் எழுந்ததும் அவ்வெல்லைக்குள்ளேயே. அக்குவினாசு மறைந்தது கி.பி. 1274-இல், உமாபதிசிவனார் சங்கற்பநிராகரணம் இயற்றியது சகம் 1235, அஃதாவது கி.பி. 1313-இல். இரண்டிற்கும் இடையே சென்றன 39 ஆண்டுகளே. ஆதலின் அச்சொல்லைக் கால எல்லை குறிக்கும் வாய்பாடாக மட்டும் கொண்டு மேற்செல்வாம்.

பல துறைகளைச் சேர்த்துப் பயிலுதல் இன்று தோன்றிய புதுமை எனக் கொள்ளற்க. அவ்விடைக்காலப் பல்கலைக்கழகத்தில் இறைநூல் பயில விழைவோன் முன்னதாக இலக்கணம், அளவை, சொல்லணி என்னும் மூன்றும், கணிதம், வடிவக்கணிதம், இசை, வானநூல் என்னும் நான்கும் ஆகிய எழுகலைகளிற் பயிற்சி பெறுதல் வேண்டியிருந்தது. நம் ஆதீனங்களிலும் இலக்கணமும் தருக்கமும் பயின்றார்க்கே சித்தாந்தம் விரித்துரைக்கப்பட்டது. திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் நன்னூற்கு விருத்தியுரை திருத்தியதும், தருக்கசங்கிரகத்தைத் தமிழ் செய்ததும், சிவஞானபோதத்திற்கு மாபாடியம் வகுத்ததும் ஒருவர்பாற் பல துறையும் கூடியிருந்தமையான் அன்றோ! இலக்கணம் வேறு, சமயம் வேறு எனத் துறைதோறும் ஆசிரியரைப் பிரித்து நிறுத்தியது பிற்காலத்துக் கல்லூரி வழக்கமே. அங்ஙனம் பிரிந்தவற்றை மீளக் கூட்டும் முயற்சியே இப்பட்டப் படிப்பு எனல் தகும்.

நிற்க. இக்கல்வியின் ஆணிவேரைத் தேடிச் செல்வார் ஒரு மடத்தினுட் சென்று முடிவர். கி.பி. 1675-இல், ஏசு சபையைச் சார்ந்த பாபெப்ரோக் என்னும் அறிஞர், பிரான்சு நாட்டுப் பெனடிக்டுத் துறவியர் மடங்களிற் காக்கப்பட்டு வந்த பழஞ்சாசனங்கள் பல போலியாதல் வேண்டும் என ஐயுற்று எழுதினர். அம்மடங்கட்கு இஃது ஏச்சன்று, இடியேயாம். நிலமும் உரிமையும் அச்சாசனங்களின் மேல் நின்றன. வேறொருவராயின் சினந்து கண்டன நூல் எழுதியிருப்பர். பாரிசு நகரத்து மடத்துறவியாகிய மாபியோன் என்பார் அது செய்திலர். மடங்கடோறும் சென்று சாசனங்களைக் கண்டு, எழுதப்பட்ட தோல் யாது, மை யாது, எழுத்தின் வடிவம் எக்காலத்தது, முத்திரை எவ்வாறுளது, ஆண்டு குறிக்கும் மரபு யாது, தொடக்கமும் முடிவுமாகிய சொன்முறை யாது என ஒவ்வொன்றாக ஒப்பிட்டு நோக்கி, கி.பி. 1681-இல் இலத்தீன் மொழியிற் பெருநூலொன்று வெளியிட்டனர். போலிச் சாசனங்கள் உளவாதலை அவர் மறுத்திலர். மெய்யானதனைப் போலியினின்றும் பிரித்தறியும் நெறியை வகுத்தனர். அந்நூலைக் கண்ட பாபெப்ரோக், தம் கருத்துத் தவறுடைத்தென ஒப்புக்கொண்டு அவர்க்கே முடங்கல் எழுதினர். சாசன ஆராய்ச்சி என்னும் துறை அன்று பிறந்தது. ஐயம் வெளியினின்று வந்தது. விடையோ மடத்தினுள்ளிருந்து, மடத்தார் தாமே தம் ஏட்டறையைத் திறந்து நோக்கியமையான் வந்தது. நம் ஆதீனங்களிலும் திருமடங்களிலும் செப்பேடும் ஏட்டுச்சுவடியும் போற்றி வைத்துள்ள பெரியோர் இவ்வரலாற்றை ஊன்றி நோக்குவாராக.

அதன் பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுதும். கி.பி. 1821-இல் பாரிசு நகரத்திற் சாசனக் கல்விக்கெனவே ஒரு கழகம் நிறுவப்பட்டது. 1925-இல் அமெரிக்க நாட்டில் இடைக்கால ஆராய்ச்சியாளர் பேரவையொன்று கூடிற்று. இவற்றினும் நமக்கு வேண்டுவது 1929-இல் கனடா நாட்டு டொராண்டோ நகரத்திற் பசிலியத் துறவியர், எத்தியென் சில்சோன் என்னும் பிரெஞ்சுத் தத்துவ ஆசிரியரின் துணைக்கொண்டு நிறுவிய இடைக்கால ஆராய்ச்சி நிலையமாம். 1939-இற் போப்பாண்டவரின் ஏற்பும் அதற்குக் கிடைத்தது. அக்குவினாசின் கொள்கையைக் கற்பிப்பதே நோக்கமாயின், அவர் நூலையும் உரையையும் ஓதுவித்து விட்டிருக்கலாம். சில்சோன் அவ்வளவில் அமைந்திலர். ஒரு தத்துவ நூலை அஃதெழுந்த காலத்தின் மொழி, வழிபாடு, சட்டம், கலை, ஏடு ஆகியவற்றோடு கூட்டிப் பயிலாக்கால், அதனை நம் காலத்து வினாக்கட்கு விடையாகத் திரித்துக் கொள்வோம் என்பது அவர்தம் துணிபு. டொராண்டோப் பல்கலைக்கழகத்து மிக்கேல் கல்லூரியில் அவ்வழிக் கல்வி முதற்பட்ட மாணாக்கர்க்கும் இன்று பயிற்றப்படுகின்றது.

இவ்வகைப் படிப்பில் மாணாக்கன் பெரும்பாலும் இலத்தீன் மொழியிற் கால்கொள்வான். அதனோடு பழைய ஆங்கிலம், பழைய பிரெஞ்சு போன்றதொரு நாட்டுமொழியும், ஏட்டெழுத்தை வாசிக்கும் பயிற்சியும் சேரும். இவற்றின் மேல் வரலாறும் தத்துவமும் கலையும் நிற்கும். இவ்வடிப்படை ஊன்றாது மொழிபெயர்ப்புக்களைக் கொண்டே மூன்றாண்டு கழித்தற்கு இடந்தரும் பல்கலைக்கழகங்களும் உள. அவற்றின் பட்டத்தை யாம் பெரிதாக மதித்திலேம். 'பலமரம் கண்ட தச்சன் ஒருமரமும் வெட்டான்' என்னும் நம் பழமொழி அத்தகையார்க்கே பொருந்தும். பல துறையைப் பரப்பிக் கற்பது வேறு. ஒரு பொருளைப் பல துறையானும் கற்பது வேறு. பின்னதே ஈண்டு நாம் வேண்டுவது.

அஃது எங்ஙனம் என்பதற்கு நம் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டொன்றனையே காட்டுதும். முதலாம் இராசேந்திர சோழனது 19-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 1031-இல், அக்கோயிலில் வழிபாடாற்றிய சருவசிவ பண்டிதர்க்கும், ஆரியதேசம், மத்தியதேசம், கௌடதேசம் என்பவற்றைச் சார்ந்த அவர்தம் மாணாக்கர், மாணாக்கர்தம் மாணாக்கர் ஆகியோர்க்கும் ஆசாரியபோகமாக ஆண்டுதோறும் 2000 கலம் நெல் வழங்க ஆணை பிறந்தது. நெல்லை அளந்த மரக்காலின் பெயர் 'ஆடவல்லான்'.

இதனைக் கல்வெட்டறிஞர் ஒருவர் படித்து, எழுத்தும் ஆண்டும் குறித்து அமைவர். பொருளியல் வல்லார், ஆடவல்லான் என்னும் மரக்கால் இராசகேசரி என்னும் அளவோடு ஒத்ததெனக் கண்டு நெல்லைக் கணக்கிடுவர். அம்மரக்காற்குக் கூத்தப்பெருமான் திருப்பெயர் வந்தது எற்றுக்கு என அவர் வினவார்; அது சிற்பநூலாரும் சமய நூலாரும் வினவற்பாலது. வரலாற்றார் இராசேந்திரனது கங்கைப் படையெடுப்பை நினைவர். ஆகமம் வல்ல ஒருவர்க்கோ 'சருவசிவர்' என்னும் பெயரே பேசும்; அது தீக்கைவழி வந்த ஆசாரியப் பெயராதலை அவர் உடனே உணர்வர். கங்கை நீராடச் சென்ற இராசேந்திரன் ஆண்டுள்ள சைவாசாரியர்களை அழைத்துவந்து காஞ்சியிலும் சோணாட்டிலும் அமர்த்தினன் என, திரிலோசன சிவாசாரியரின் சித்தாந்தசாராவளியைச் சார்ந்து வழங்கும் வடமொழிச் செய்தியும் அவர்க்கு நினைவில் எழும். கல்வெட்டறிஞர் அச்செய்தியை அறியார். ஆகமம் வல்லார் கல்வெட்டைப் பார்த்திலர். இருவரும் ஒரே ஊரில் வாழ்ந்தும் ஒருவரையொருவர் வினவாதிருத்தல் நம் நாட்டில் நிகழாததன்று.

இனி, அதே கோயிலில் இராசராச சோழன் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யப் பிடாரர் 48 பேரையும், அவர்க்கு உடுக்கையும் கொட்டிமத்தளமும் முழக்க இருவரையும் நியமித்தான் என்பது மற்றொரு கல்வெட்டான் விளங்கும். சித்தாந்தம் வடநாட்டினின்று வந்ததோ, தமிழ்நாட்டிலேயே முகிழ்த்ததோ என நம்மவர் இரு கட்சியாகப் பிரிந்து வழக்கிடுதல் நெடுங்காலமாக நடைபெறுகின்றது. ஒரு கட்சியார் சருவசிவரை எடுத்துக் காட்டுவர். மற்றைக் கட்சியார் 48 பிடாரரை எடுத்துக் காட்டுவர். இரண்டும் ஒரே கோயிலிற் பொறிக்கப்பட்டுள்ளன என்பதை இரு கட்சியாரும் மறந்தனர். கௌடதேயத்து மாணாக்கனும் திருப்பதியம் பாடும் பிடாரனும் ஒரே திருமுற்றத்தில் நாடோறும் ஒருவரையொருவர் கண்டிருத்தல் வேண்டும். அக்கூட்டத்தினின்று எழுந்தது யாது என்பதன்றோ ஆராயற்பாலது! சிவஞானசித்தியார் அருளிய அருணந்திசிவனாரைச் சகலாகம பண்டிதர் என மரபு வழங்குவதன் பொருளும் அந்நெறி ஆராய்வார்க்கே முழுதும் விளங்கும்.

வரலாற்றாராய்ச்சி புகுந்தால் அருணூல்களின் பெருமை குன்றும் என அஞ்சுவாரும் உளர். அவர் அச்சம் முற்றும் வறிதன்று. நூலின் காலத்தைக் கண்டவுடனே நூலின் மெய்ம்மையையும் கண்டுவிட்டதாக எண்ணி, திருமுறையை ஓர் அரசியல் ஆவணமாக மட்டும் கருதி எழுதுவார் சிலரை யாமும் படித்திருக்கின்றேம். ஆயினும் நம் அளவை நூலே இதற்கு எல்லை வகுத்துளது. காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் வரலாறு பெரும்பாலும் கருதலின்பாற்படும். கல்வெட்டென்னும் புகையைக் கண்டு நிகழ்ச்சியென்னும் நெருப்பை அது கருதியறியும். பதி பசு பாசங்களின் இயல்பு அவ்வாற்றான் அறியப்படுவதன்று. ஆகவே அதனான் மறுக்கப்படுவதும் அன்று. ஒரு சூத்திரத்திற்குப் பாடம் இதுவோ அதுவோ, ஓர் ஆசாரியர் மற்றொருவர்க்கு முற்பட்டவரோ பிற்பட்டவரோ என்னும் வினாக்களில் அது நம் கையைப் பிடித்து நடத்தும். அவ்வினாக்களில் உரையளவையைத் துணைக்கழைத்தல் அவ்வளவைக்குச் செய்யும் மரியாதையாகாது.

இவ்வாராய்ச்சியை நாம் செய்யாதொழியின் ஒருவரும் செய்யார் எனக் கருதுதல் பேதைமை. புதுவையிற் பிரெஞ்சு நிலையம் 1955-இல் தோன்றியது. ஆண்டு என். ஆர். பட்டர் இரௌரவம், மதங்கம் முதலிய ஆகமங்களைப் பல சுவடி கொண்டு பதிப்பித்தனர். கிரணாகமத்திற்குக் காச்மீரத்து இராமகண்டர் இயற்றிய விருத்தியின் ஒரு பகுதியைத் தோமினிக் குடால் என்னும் ஆங்கில அறிஞர் 1998-இற் பதிப்பித்தனர். ஆக்சுபோர்டிற் பணியாற்றிய அலெக்சிசு சாண்டர்சன், இடைக்கால இந்தியாவைச் 'சைவ ஊழி' என்றே பெயரிட்டு 2009-இற் பெருங்கட்டுரை வரைந்தனர். இவர்தம் முடிபுகள் சிலவற்றை நம் சித்தாந்திகள் ஏலாமற் போகலாம். மறுத்தற்கேனும் அவர் கற்றவற்றை நாம் கற்றல் வேண்டும். வடமொழிச் சைவ நூல்களை மட்டும் வைத்து அவர் எழுதுங்கால், மெய்கண்ட சாத்திரங்களையும் திருமுறைகளையும் உடன்வைத்து நோக்கும் தகுதி நம்மவர்க்கன்றோ எளிதின் வாய்ப்பது!

ஆதீனச் சார்பில் நடைபெறும் கல்லூரிகளுள் ஒன்றேனும் இத்தகைய முதற்பட்டப் படிப்பைத் தொடங்குமாயின், முதலாண்டிற்கு வேண்டுவன மிகப் பலவல்ல. தமிழிலக்கணமும் வடமொழிப் பயிற்சியும் ஒருசேர நடத்தல் வேண்டும். கிரந்த எழுத்தும் வட்டெழுத்தும் வாசிக்கப் பயிற்றல் வேண்டும். ஒரு கோயிலைத் தேர்ந்து அதன் கல்வெட்டு, திருமேனி, பதிகம், பூசை முறை ஆகியவற்றை ஆண்டு முழுதும் மாணாக்கர் நேரிற் கண்டு எழுதுதல் வேண்டும். சித்தாந்த வகுப்பைக் குறைத்தல் ஆகாது. அது நாடோறும் நடைபெறுக. இவற்றுட் கிரந்தத்தையே யாம் முதன்மையாக வற்புறுத்துவோம். புதுவையிலுள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளின் தொகுதியை யுனெசுகோ 2005-இல் உலக நினைவுப் பட்டியலிற் சேர்த்தது. அவற்றுட் பெரும்பாலன கிரந்த எழுத்தில் அமைந்தவை. அவ்வெழுத்தைத் தடையின்றி வாசிக்கும் சைவ இளைஞர் தொகை ஆண்டுதோறும் அருகி வருகின்றது. கற்பிக்க வல்ல முதியோர் சிலர் இன்னும் நம்மிடையே உளர். ஆகலின் அவ்வகுப்பு ஏனையவற்றிற்காகக் காத்திராது இவ்வாண்டே தொடங்கற்பாலது.