மின்னணுப் படமெல்லாம் டிஜிட்டல் படமா?

கேமராவின் வரலாற்றைச் சொல்லும்போது, பிலிம் போய் டிஜிட்டல் வந்தது என்று ஒரே தாவலில் முடித்துவிடுகிறோம். நடுவில் ஒரு படி உண்டு. அனலாக், டிஜிட்டல் வேறுபாட்டில் குழம்பும் மாணவர்களுக்கு அந்தப் படியே நல்ல பாடம்.

1981இல் சோனி நிறுவனம் மாவிகா என்ற மாதிரிக் கேமராவைக் காட்டியது. அதை முதல் டிஜிட்டல் கேமரா என்று வினா விடைகளில் எழுதுவதுண்டு; அது சரியன்று. அதில் பிலிம் இல்லை, ஒளியை மின்சைகையாக்கும் சி.சி.டி. உணரி இருந்தது. ஆனால் அந்தச் சைகை எண்களாக மாறவில்லை. தொலைக்காட்சிப் படம்போல, ஏறி இறங்கும் அலையாகவே காந்தத் தகட்டில் பதிந்தது.

இவ்வகையில் முதலில் விற்பனைக்கு வந்தது, 1986இல் கேனான் நிறுவனத்தின் ஆர்சி-701. தொழில்முறைப் படக்கலைஞர்களுக்கானது. அதற்கு முன்பே, 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் சோதனைக் கேமராவால் எடுத்த படங்களைத் தொலைபேசிக் கம்பிவழியே ஜப்பானுக்கு அனுப்பிப் பார்த்திருந்தார்கள். தெளிவில் பிலிமுக்கு அருகில்கூட வரவில்லை. ஆனால் பிலிமைக் கழுவக் காத்திருக்க வேண்டியதில்லை. நாளிதழுக்கு அதுதானே முக்கியம்!

2 அங்குலத் தகடு, 50 தடங்கள், நிமிடத்துக்கு 3600 சுற்று. ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். 1/60 வினாடி. ஜப்பான், அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒன்றுவிட்டு ஒரு வரியாக அரைப்படம் வரைய ஆகும் நேரமும் அதுவே. ஒரு தடத்தில் ஓர் அரைப்படம் அடங்கும். எனவே தகட்டில் அரைப்படங்கள் 50, முழுப்படங்கள் என்றால் 25.

டிஜிட்டல் முறை அன்று இல்லாமலில்லை. 1975இலேயே கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அப்படியொரு கேமராவைச் செய்துவிட்டார். 100×100 புள்ளிகள்தாம், அதை ஒலிநாடாவில் பதிய 23 வினாடி. 1/60 வினாடியையும் இதையும் கரும்பலகையில் அருகருகே எழுதினால், அனலாக் ஏன் முந்தியது என்று மாணவர்களே சொல்வார்கள்.

அனலாக்கின் குறை நகலெடுக்கும்போது தெரியும். ஒரு வளைகோட்டை வரைந்து, ஐந்து மாணவர் வரிசையாக, முன்னவர் வரைந்ததைக் கண்ணால் பார்த்து வரையட்டும். இன்னொரு வரிசை, வரைபடத்தாளில் ஒவ்வொரு செ.மீ.க்கும் உள்ள உயரத்தை எண்ணாகக் குறித்து, அந்த எண்களை மட்டும் கைமாற்றட்டும். முதல் வரிசையில் கோடு உருமாறியிருக்கும். எண்கள் அப்படியே வந்துசேரும். ஆனால் புள்ளிகளுக்கு நடுவிலிருந்த சிறு நெளிவுகள் எண் வரிசையில் தொடக்கத்திலேயே விடுபட்டிருக்கும். அதையும் மறைக்காமல் காட்டுங்கள். அரை செ.மீ.க்கு ஒருமுறை அளந்தால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், அடுத்த வகுப்புக்கான பாடம் கிடைத்துவிட்டது.