பொட்டைக் குட்டி வேண்டாமாம்

புதுச்சேரியை அடுத்த காட்டேரிக்குப்பத்தில் நாய்க்குட்டி கேட்டு வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் குட்டியைப் புரட்டிப் பார்க்கிறார்கள். ஆண் என்றால் அப்போதே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பொட்டை என்றால், "வூட்ல கேட்டுட்டு வரேங்க்கா" என்பார்கள். அவ்வளவுதான், அந்த ஆள் மறுபடி அந்தத் தெருப்பக்கம் வருவதில்லை. இப்படி மிச்சப்படுகிற குட்டிகள்தான் கண் திறந்த கொஞ்ச நாளிலேயே யூரியா சாக்கில் கட்டப்பட்டு, லிங்காரெட்டிப்பாளையம் சர்க்கரை ஆலைக்குப் போகிற சாலையோரக் கரும்புக் கொல்லையில் கிடக்கின்றன. ஆலை ஓடாததால் அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைவு. விட வருகிறவர்களுக்கு அது வசதி.

நகரத்திலிருந்து வருகிறவர்கள் வேறு ரகம். இருட்டிய பிறகு பத்துக்கண்ணு வழியாகக் காரில் வந்து, கழுத்துப் பட்டையைக் கழற்றிக்கொண்டு நாயை இறக்கிவிட்டுப் போகிறார்கள். லாப்ரடார், பொமரேனியன் எல்லாம் இப்படி வந்திருக்கின்றன. 'கிராமம்தானே, எங்காவது சோறு கிடைக்கும்' என்பது அவர்கள் கணக்கு. கிராமத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நாய்க்கூட்டம் உண்டு. அதன் எல்லைக்குள் புதிய நாய் கால் வைக்க முடியாது. தட்டில் வைத்த சோற்றைத் தின்று வளர்ந்த நாய்க்குச் சண்டையும் தெரியாது, குப்பையைக் கிளறவும் தெரியாது. முதலில் விட்ட இடத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு காரையும் எட்டிப் பார்க்கும். பிறகு கடிபடும். கடிபட்ட இடத்தில் ஈ மொய்க்கும். புழு வைத்துவிடும்.

எங்கள் மாட்டுக்கொட்டகைக்கு வந்து சேர்ந்த செவலை நாய்க்குக் கழுத்தைச் சுற்றிப் புண். குட்டியில் யாரோ கட்டிய நைலான் கயிறு. நாய் வளர்ந்தது, கயிற்றைத் தளர்த்த ஆள் இல்லை. தோலை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கி, மேலே சதை மூடிவிட்டது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் முடியை மழித்ததும் உள்ளே வெள்ளை வெள்ளையாக நெளிந்தது. டர்பன்டைன் விட்டு, இடுக்கியால் ஒவ்வொரு புழுவாக எடுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் கயிறே கண்ணுக்குத் தெரிந்தது. அது பொட்டை நாய். வயிற்றில் குட்டியும் இருந்தது. யார் வீட்டு நாய் என்று ஊரில் சிலருக்குத் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இத்தனைக்கும் காரணமாக நிற்பது, கருத்தடை என்றதும் வருகிற ஒரே ஒரு பேச்சு: "ஒரு ஈத்து ஆவட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

முதல் ஈத்து முடிந்தால்தான் நாய்க்கு நல்லது என்ற நம்பிக்கை சுற்றுவட்டாரம் முழுக்க இருக்கிறது. மருத்துவத்தில் அதற்கு ஆதாரம் கிடையாது. முதல் சூட்டுக்கு முன்பே கருத்தடை செய்த பொட்டைக்கு மடிக்கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது என்பதே டாக்டர்கள் சொல்லிவரும் கருத்து. வயதான நாய்களின் உயிரைக் குடிக்கிற கர்ப்பப்பைச் சீழ் நோயும் வராது. நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள்தான். பெரும்பாலான நாய்கள் ஆண்டுக்கு இரண்டு முறை சூட்டுக்கு வரும். கட்டிப்போட்டால் போதும் என்பவர்கள் அந்த நாட்களில் தங்கள் வேலியைப் போய்ப் பார்க்கட்டும். கீற்றைப் பிரித்துக்கொண்டு உள்ளே வந்துவிடும் ஆண் நாய்.

செவலைக்குப் புண் ஆறி, குட்டிகள் பால் மறந்த பிறகு ஆபரேஷனுக்குக் கொண்டுபோனபோது தெருவில் சிரித்தார்கள். "பொம்பளப் புள்ளைக்கே ஆஸ்பத்திரி செலவு பண்ண யோசிக்கிற காலத்துல நாய்க்கு ஆபரேஷனாம்" என்று என் காதுபடவே சொன்னவர் வீட்டு நாய் அதே ஆண்டில் இரண்டு ஈத்து போட்டது. அந்தக் குட்டிகள் எங்கே போயின என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆபரேஷன் செலவு ஒரு தடவை செலவு. ஆண்டுதோறும் சாக்கு கட்டுவதற்கு அது எவ்வளவோ மேல்.

மற்றவை எல்லாம் எளிது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் ஊசி, டாக்டர் சொன்ன நாளில் அடுத்த டோஸ். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. பூச்சி மருந்து. ஆபரேஷனுக்கு முதல் நாள் இரவு சோறு போடக் கூடாது. தையல் பிரிக்கும் வரை நாய் அதை நக்கவிடக் கூடாது. கொட்டகையில் ஈரமில்லாத ஒரு மூலையும் பழைய சாக்கும் போதும். எந்த வயதில் ஆபரேஷன் என்பதை டாக்டர் நாயைப் பார்த்துச் சொல்வார். குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. மாட்டை வேனில் ஏற்றிக்கொண்டு போகத் தெரிந்தவர்களுக்கு நாயைக் கொண்டுபோவது பெரிய காரியமில்லை.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்கலாம். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பசியிலும் தாகத்திலும் வாட நேரும்படி ஒரு பிராணியைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. காருக்குப் போட்ட பெட்ரோலில் பத்தில் ஒரு பங்குகூட வராது. 2023இல் வந்த விலங்குகள் கருத்தடை விதிகள் இன்னும் தெளிவானவை: வளர்ப்புப் பிராணிக்குத் தடுப்பூசி, பூச்சி மருந்து, கருத்தடை மூன்றும் உரிமையாளரின் பொறுப்பு. தெருநாய்க்குக் கருத்தடை செய்வதுதான் உள்ளாட்சியின் வேலை. எங்கள் பக்கத்தில் இது தலைகீழாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. தங்கள் வீட்டுக் குட்டிகளைத் தெருவில் விட்டுவிட்டு, தெருவில் நாய் பெருத்துவிட்டது என்று கொம்யூன் பஞ்சாயத்தில் மனு கொடுக்கிறார்கள்.

கருத்தடைதான் வழி என்ற பாடத்தைப் படிக்கச் சென்னைக்கு நெடுங்காலம் பிடித்தது. நாய்களைப் பிடித்துக் கொல்வதால் எண்ணிக்கை குறையாது, கருத்தடை செய்யுங்கள் என்று புளூ கிராஸ் அமைப்பு 1964இலேயே சொல்லத் தொடங்கியது. மாநகராட்சி அதற்கு இணங்கியது 1996இல். உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உத்தரவை அதே மாதம் 22ஆம் தேதி திருத்தி, வெறிநோய் உள்ளவை, ஆக்ரோஷமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. ஆனால் ஒரு பக்கம் அரசு ஆபரேஷன் செய்துகொண்டிருக்க, மறுபக்கம் வீடுகளிலிருந்து சாக்கு சாக்காகக் குட்டிகள் வந்துகொண்டிருந்தால் எந்தத் திட்டம் தேறும்?

கைவிட்ட குட்டிகளோடு முதலில் விளையாடப் போகிறவர்கள் பிள்ளைகள். குட்டிதானே, பல் பட்டால் என்ன என்று விடக் கூடாது. வெறிநோய் குட்டியிடமிருந்தும் வரும். நோய் முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. நாடு முழுக்க 2024இல் பதிவான நாய்க்கடிகள் 37 லட்சத்துக்கு மேல். பல் பட்டதும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்கக் கூடாது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போய், அட்டையில் எழுதித் தருகிற எல்லாத் தேதிக்கும் ஊசி போட வேண்டும். ரத்தம் வந்த கடி என்றால் கடிவாயில் போடுகிற இம்யூனோகுளோபுலின் ஊசியையும் கேட்டு வாங்க வேண்டும்.

வெளிநாட்டு வேலை, வாடகை வீடு, குழந்தைக்கு மூச்சிரைப்பு என்று நாயை வைத்துக்கொள்ள முடியாத நிலை யாருக்கும் வரலாம். அப்போதும் கையில் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ஊசி அட்டை, அது தின்னும் சாப்பாடு, பழகிய துணி, உங்கள் போன் நம்பர் இவற்றோடு கொடுங்கள். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். காப்பகத்தில் விடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் போன் செய்து பார்க்கட்டும். நான் கேட்ட இடங்களில் எல்லாம் இடமில்லை என்ற பதில்தான் வந்தது.

செவலையின் ஈத்தில் ஆண் குட்டிகள் சீக்கிரம் போய்விட்டன. ஆபரேஷன் செய்வதாக வாக்குக் கொடுத்தவர்களுக்கு மட்டுமே பொட்டைகளைக் கொடுத்தோம். திருக்கனூர்ப் பக்கம் ஒரு கறவை மாட்டுக்காரர் சொன்னபடி செய்து, தையல் போட்ட வயிற்றைப் படம் எடுத்து அனுப்பினார். வாக்குக் கொடுக்கத் தயங்கியவர்களைத் திருப்பி அனுப்பினோம். அதில் சொந்தக்காரர்களுக்கு வருத்தம் உண்டு. இன்னும் ஒரு பொட்டைக் குட்டி இருக்கிறது. ஊசி எல்லாம் போட்டாயிற்று, நிபந்தனை மாறவில்லை.