வயிற்றுப் புண்ணில் இரத்தக் கசிவு: மருந்து பலன் தந்ததா?

கையில் சிறு வெட்டுக்காயம் பட்டால், சில நிமிடங்களில் இரத்தம் உறைந்து நின்றுவிடுகிறது. அதே காயம் இரைப்பைக்குள் இருந்தால் என்ன ஆகும்?

இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கிறது. அமிலம் மிகுந்த இடத்தில் இரத்தத் தட்டணுக்கள் சரியாக ஒன்றுசேர்வதில்லை. புரதத்தைச் செரிக்கும் பெப்சின் என்ற நொதி, உறைந்த இரத்தத்தையும் கரைத்துவிடும். ஆகவே, புண்ணிலிருந்து கசியும் இரத்தம் நின்ற பிறகும் மீண்டும் கசியலாம். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

ஓமிப்ரசோல் என்ற மருந்து, இரைப்பைச் சுவரின் உயிரணுக்களில் அமிலத்தை வெளியேற்றும் 'புரோட்டான் பம்ப்' என்ற புரதத்தை முடக்குகிறது. அமிலம் குறைந்தால் உறைந்த இரத்தம் கரையாமல் இருக்க வேண்டும். இந்த விளக்கம் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால், விளக்கம் மட்டுமே சான்றாகிவிடாது. நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஹாங்காங் மருத்துவர்கள் அவ்வாறு செய்த ஆய்வு 2000-ஆம் ஆண்டு வெளிவந்தது. புண்ணில் இரத்தம் கசிந்த 240 பேருக்கு முதலில் எண்டோஸ்கோப் கருவி மூலம் கசிவை நிறுத்தினார்கள். பின்னர், குலுக்கல் முறையில் அவர்களை 120 பேர் கொண்ட இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 3 நாள்கள் ஓமிப்ரசோல் இரத்த நாளம் வழியாகச் செலுத்தப்பட்டது. மற்றதற்கு மருந்தே இல்லாத போலி மருந்து. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

30 நாள்களுக்குள் மீண்டும் இரத்தம் கசிந்தவர்கள்:

போலி மருந்து: 27 பேர் (22.5 விழுக்காடு)
ஓமிப்ரசோல்: 8 பேர் (6.7 விழுக்காடு)

ஒன்றைக் கவனியுங்கள். போலி மருந்து பெற்றவர்களிலும் 93 பேருக்கு மீண்டும் கசியவில்லை. ஒப்பிட இந்தக் குழு இல்லாமல் இருந்திருந்தால், ஓமிப்ரசோல் குழுவில் தப்பிய 112 பேரையும் மருந்தே காப்பாற்றியது என்று தவறாக நினைத்திருப்போம்.

இறந்தவர்கள் போலி மருந்துக் குழுவில் 12 பேர், ஓமிப்ரசோல் குழுவில் 5 பேர். அப்படியானால் மருந்து உயிரைக் காத்தது என்று சொல்லலாமா? முடியாது. இந்தச் சிறு எண்ணிக்கையில் அவ்வளவு வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடும் என்று புள்ளியியல் சோதனை காட்டியது. ஆகவே, இந்த ஆய்வு மறுகசிவு குறைந்ததை உறுதிசெய்தது; இறப்பு குறைந்ததை உறுதிசெய்யவில்லை.

அடுத்த முறை 'நிரூபிக்கப்பட்ட மருந்து' என்ற விளம்பரத்தைக் கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: யாரோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? இந்த முடிவு தற்செயலாக வந்திருக்குமா?