வாய் வழியா, மூக்கு வழியா?

நான் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக் கல்லூரிக்குத் தினமும் ரயிலில் போய்வருகிறவன். ஒருநாள் எங்கள் தெருக்காரர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவருடைய ஐந்து வயது மகளுக்குப் பல பற்கள் சொத்தை. அத்தனையையும் ஒரே நாளில், மயக்க மருந்து கொடுத்துச் சரிசெய்வதாக ஏற்பாடு. "பல்லுக்குத்தானே வைத்தியம்? மூக்கில் எதற்கு சார் குழாய்?" என்றார். அவர் குரலில் பயம் தெரிந்தது. நான் மருத்துவன் அல்லன். ஆனால் வண்டி, 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கும் முண்டியம்பாக்கத்தை அடைவதற்குள், அதில் பாதி இயற்பியல்தான் என்று அவருக்குச் சொல்லி முடித்திருந்தேன்.

தண்ணீர் குடிக்கும்போது ஒரு துளி வழிதவறினால் புரையேறி இருமுகிறோம் அல்லவா? ஆழ்ந்த மயக்கத்தில் அந்த இருமல் வராது. நாக்கும் தளர்ந்து பின்னால் சரியும். பல் மருத்துவரின் துளைகருவியோ தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே சுழலும். அந்த நீரும் இரத்தமும் பல் துணுக்குகளும் தொண்டைக்குத்தான் இறங்கும். ஆகவே மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாயைச் செலுத்தி, அதன் வழியே ஆக்சிஜனும் மயக்க வாயுவும் கொடுக்கிறார்கள்.

கடைத்தெருவில் பள்ளம் தோண்டினால் பேருந்துகளை பைபாஸில் திருப்பிவிடுகிறோம். இங்கே வாய்தான் கடைத்தெரு, மூக்கு பைபாஸ். குழாய் மூக்கு வழியே போனால் வாய் முழுவதும் பல் மருத்துவருக்குக் கிடைக்கும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்துகின்றனவா என்று வாயை மூடியும் பார்க்கலாம். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்காக, இங்கிலாந்தில் ஐவன் மகில், ஸ்டான்லி ரோபாதம் என்ற மருத்துவர்கள் வளர்த்தெடுத்த வழி இது.

ஆனால் இந்த பைபாஸுக்குச் சுங்கம் உண்டு. மூக்கினுள் இரத்தம் கசியலாம். குழந்தைகளுக்கு மூக்கின் பின்னே பெரிதாக இருக்கும் அடினாய்டு என்ற சதையில் குழாய் உரசலாம். அதனால் குழாயை வெதுவெதுப்பான நீரில் மென்மையாக்கி, இரத்தக் குழாய்களைச் சுருக்கும் சொட்டு மருந்தையும் விட்டுக்கொள்கிறார்கள். தவிர, மூக்கு வழிக் குழாய் நீளம் அதிகம். சில சமயம் அரை மில்லிமீட்டர் குறுகலாகவும் போட நேரும்.

அரை மில்லிமீட்டர்தானே என்கிறீர்களா? பாய்சொய் என்ற பிரெஞ்சுக்காரர் 1840களில் கண்ட விதியைப் பாருங்கள். சீரான ஓட்டத்தில் தடை, நீளத்துக்கு நேர்விகிதத்திலும், ஆரத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். உள்விட்டம் 5 மி.மீ.யிலிருந்து 4.5 ஆனால் தடை ஒன்றரை மடங்கு! குழந்தையின் மூச்சுக்குழல் 4 மி.மீ. என்று கொள்வோம். உட்சுவர் சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினால் விட்டம் 2 ஆகும். தடை 16 மடங்கு. பெரியவரின் 8 மி.மீ. வழியில் அதே வீக்கம் மூன்று மடங்குக்குச் சற்று மேல்தான். வீட்டில் அகலமான உறிஞ்சுகுழல் ஒன்றும் மெல்லியது ஒன்றும் எடுத்து, ஒரே அளவு தண்ணீரைக் குடித்து நேரத்தைக் குறியுங்கள். கணக்கு அப்படியே வராது. கன்னம் வலிக்கும்போது விதி புரியும்.

ஆகவே குழாயின் அளவை ஊகித்துப் போடுவதில்லை. வயதை நாலால் வகுத்து நாலைக் கூட்டினால் கிடைப்பது, காற்றுப்பை இல்லாத குழாயின் உத்தேச உள்விட்டம். காற்றுப்பை உள்ள குழாய்க்கு அரை குறைவு.

வேறு வழிகள் இல்லையா? உண்டு. வாய் வழிக் குழாய் குட்டை, போடவும் எளிது. ஆனால் வேலை நடக்கும் பக்கத்துக்கேற்ப ஒதுக்கி வைக்கவேண்டும். உதட்டருகே மோவாய்ப் பக்கம் வளைத்தே செய்த குழாய் 1975இல் வந்தது. ஆர்ச்சி பிரெயின் 1983இல் வெளியிட்ட குரல்வளை முகமூடியோ மூச்சுக்குழலுக்குள் நுழையாமல் மேலே மூடிபோல் அமரும். மென்மையானது, ஆனால் தாடையை அழுத்தும்போது நகரக்கூடும். இரண்டொரு பல்லைப் பிடுங்க அது போதலாம். பல பற்களில் நீண்ட வேலை என்றால், மூக்கில் தடை ஏதுமில்லாத குழந்தைக்கு, மூக்கு வழியையே பலர் விரும்புகிறார்கள்.

குழாய் உணவுக்குழலுக்குள் தவறிப் போய்விட்டால்? அதைக் காட்டுவதும் இயற்பியலே. கார்பன்-டை-ஆக்சைடு 4.3 மைக்ரோமீட்டர் அகச்சிவப்புக் கதிரை விழுங்கும். வெளிமூச்சில் அந்தக் கதிர் மங்கினால் திரையில் ஓர் அலை எழும்; ஒவ்வொரு மூச்சுக்கும் ஓர் அலை. அலை தொடர்ந்து வந்தால்தான் பல் மருத்துவர் கருவியைக் கையில் எடுப்பார்.

அந்தச் சிறுமிக்கு மூக்கு வழியாகத்தான் போட்டார்கள். மறுநாள் தொண்டை கொஞ்சம் கரகரப்பாக இருந்ததாம். ஐஸ்கிரீம் கேட்டு வாங்கிக்கொண்டாளாம்.