விஸ்தீரணக் கணக்கும் தசமப் புள்ளியும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் கரிசல் புன்செய் நிலங்களில் பருத்தியும், கம்பும், சோளமும், பயறு வகைகளும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியே பயிராகின்றன. மழை பொய்த்த வருஷத்தில் நிவாரணத் தொகையும் பயிர் இன்சூரன்ஸும் சாகுபடி விஸ்தீரணத்தைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. ஆகவே, பட்டாவிலும் அடங்கலிலும் கண்ட விஸ்தீரணம் கம்ப்யூட்டரின் கணக்குத் தாளில் ஏறும்போது பிழையின்றி ஏறுதல் மிகவும் அவசியமாகும். அவ்விடத்தில் பெரு நஷ்டம் விளைவிக்கக் கூடியது, அற்பமாய்த் தோன்றும் தசமப் புள்ளியே.

பட்டாவில் விஸ்தீரணம் ஹெக்டேர், ஏர் என இரு அளவுகளில் காட்டப்படுகிறது. 100 ஏர் கொண்டது 1 ஹெக்டேர். 1 ஏர் சுமார் 2.47 சென்ட். "1 - 12.50" என்பது 1 ஹெக்டேர் 12.50 ஏர், அதாவது 1.125 ஹெக்டேர். இதனை "1.12.50" என்று இரண்டு புள்ளிகளுடன் பதிவு செய்தால், கணக்குத் தாள் அதனை எண்ணாக ஏற்பதில்லை, வெறும் எழுத்தாகவே வைத்துக் கொண்டு, மொத்தக் கூட்டலில் சேர்க்காது விட்டு விடும். "1-12" என்று பதிந்தாலோ, டிசம்பர் 1-ஆம் தேதியாக மாற்றி விடும்.

இன்னொரு பிழை கண்ணுக்குப் புலப்படாது. 1 ஹெக்டேர் 5 ஏர் நிலத்தை 1.05 என்று எழுதுவதற்குப் பதிலாக 1.5 என்று எழுதினால், அது 1 ஹெக்டேர் 50 ஏர் ஆகிவிடும். இல்லாத 45 ஏர், அதாவது சுமார் 1 ஏக்கர் 11 சென்ட், கணக்கில் கூடிவிடும். 2 ஏக்கர் 5 சென்ட்டை 2.5 என்று எழுதுவதும் இதே தவறாகும்.

இதற்குப் பரிகாரம் சுலபமானது. ஹெக்டேரை ஒரு பத்தியிலும், ஏரை அடுத்த பத்தியிலும் தனித்தனியே பதிய வேண்டும். ஏர் எண்ணை 100-ஆல் வகுத்து ஹெக்டேர் எண்ணுடன் கூட்டினால், சரியான விஸ்தீரணம் மூன்றாம் பத்தியில் கிடைக்கும்.

அடுத்து, வேறிடத்திலிருந்து வரும் கோப்புகளைப் பற்றியது. நம் நாட்டிலும் இங்கிலாந்திலும் தசமத்திற்குப் புள்ளி வழங்குகிறது; ஜெர்மனி, பிரான்ஸ் முதலிய தேசங்களில் காற்புள்ளி வழங்குகிறது. அம்முறையில் அமைந்த அளவைக் கருவி 1.125 ஹெக்டேரை "1,125" என்று எழுதும். நம் கணக்குத் தாள் அதனை ஆயிரத்து நூற்றிருபத்தைந்து என்று வாசிக்கும். அதே கோப்பிலுள்ள "0,4" என்பது எழுத்தாகவே தங்கிவிடக் கூடும். ஆகையால் எல்லாவற்றையும் 1000-ஆல் வகுத்துச் சரிசெய்ய முயல்வது வீண்; மூலக் கோப்பிலிருந்து மறுபடியும் ஏற்றுவதே முறை.

எக்செலில் இத்தகைய கோப்பை நேரே திறவாமல், உரைக் கோப்பு இறக்குமதி வழியாக ஏற்ற வேண்டும். இறக்குமதி வழிகாட்டியின் மூன்றாம் படியில் 'அட்வான்ஸ்டு' என்பதை அழுத்தி, தசமக் குறி காற்புள்ளி என்றும், ஆயிரக் குறி புள்ளி என்றும் தெரிவிக்கலாம். லிப்ரே ஆபீஸ் கால்க்கில், இறக்குமதிப் பெட்டியில் கோப்புக்குரிய மொழியைத் தெரிந்தெடுத்தால் போதுமானது. மூலக் கோப்பைத் திருத்தாமல், நகல் ஒன்றிலேயே வேலை செய்தல் நன்று.

ஏற்றி முடித்ததும் மூன்று பரிசோதனைகள் செய்க. முதலாவது, பத்தியின் அமைப்பை மாற்றாதிருக்கையில், எண்கள் கட்டத்தின் வலப்புறம் ஒட்டி நிற்கும். இடப்புறம் ஒட்டி நிற்பது எழுத்து. இரண்டாவது, மிகப் பெரிய எண்ணைத் தேடிப் பார்க்க. ஒருவர் பட்டா கிராமத்தின் மொத்த விஸ்தீரணத்தை மிஞ்ச இயலாது. மூன்றாவது, தாளின் மொத்தத்தைப் பதிவேட்டின் மொத்தத்தோடு ஒப்பிடுக.

பட்டாதாரர்களும் தங்கள் பெயருக்கு நேரேயுள்ள விஸ்தீரணத்தைப் பட்டாவுடன் ஒத்துப் பார்த்து, வித்தியாசம் கண்டால் பட்டியல் மேலிடம் செல்லுமுன் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும். தொகை பட்டுவாடா ஆனபின் புள்ளியைத் திருத்துவது எளிதன்று.